பள்ளிக் காணி உறுதியை ஒருவர் பெயரில் எழுதுவோமா?



நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள். ஜமாஅத் வட்ஸ்அப் குழுமத்தில் இரண்டு வரியில் சொல்லப் போய் அது வேறு எங்கேயோ போய்விட்டது. அதனால் இங்கே முழுதாக எழுதுகிறோம். "நாங்கள்" என்று சொல்வது, பாடசாலையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிப்பிக்கும் எங்கள் மூவரையும், இந்த வேலையில் ஆரம்பத்திலிருந்து நின்ற சில பெற்றோரையும்.

விசயம் மஹல்லாப் பதிவேட்டு மென்பொருள். தெரியாதவர்களுக்காக: உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருந்த நம் பிள்ளைகள் ஏழு பேர் சேர்ந்து செய்தது. குடும்ப விபரம், மாதச் சந்தா, ஜனாஸா நலன்புரிக் கொடுப்பனவு, ஸகாத் விண்ணப்பம் எல்லாம் ஒரே இடத்தில். முன்பு இவை நான்கு சீஆர் கொப்பிகளில் இருந்தன, அதில் ஒன்றை எலி தின்றுவிட்டது. பக்கத்து ஊர்ப் பள்ளிவாசல்கள் இரண்டு இப்போதே கேட்டுவிட்டன. ஆகவே எவரும் எடுத்துப் பாவிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் கொடுக்கலாம் என்று திறந்த மூல மென்பொருளாக வெளியிட முடிவெடுத்தோம். அதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

எங்கே வைப்பது என்பதில்தான் பிரச்சினை. கடந்த வெள்ளி அஸருக்குப் பிறகு நடந்த கூட்டத்தில் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். கிட்ஹப்பில், ஒரு தம்பியின் சொந்தக் கணக்கில் ஏற்கனவே இருக்கிறது, எதிர்வரும் திங்கள் ஒரு பொத்தானை அழுத்தி அதைப் பொதுவில் திறந்துவிடுவது. "உலகமே அங்கதான் இருக்கு, இதுக்கு ஒரு கூட்டமா?" என்றார் ஒரு நானா. தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஸலவாத்தோடு கூட்டம் கலைந்தது.

இது பிழையான முடிவு. கிட்ஹப் ஹராம் என்று நாங்கள் பத்வா கொடுக்கவில்லை. வகுப்பில் பிள்ளைகளுக்கு அதைத்தான் முதலில் காட்டுகிறோம். நாங்கள் எதிர்ப்பது யோசிக்காமல் எடுத்த முடிவை.

ஒரு விளக்கம் முதலில், ஏனென்றால் கூட்டத்தில் பாதிப் பேர் கிட்டும் கிட்ஹப்பும் ஒன்று என்று நினைத்துக்கொண்டுதான் தலையாட்டினார்கள். கிட் என்பது ஒரு கருவி. பலர் சேர்ந்து எழுதும் மென்பொருளில் யார் எப்போது எதை மாற்றினார் என்ற வரலாற்றை வைத்திருக்கும். அது எவருக்கும் சொந்தமில்லாத இலவச மென்பொருள். உங்கள் லெப்டொப்பில் ஒரு பிரதி எடுத்தால் முழு வரலாறும் உங்களிடம் வந்துவிடும். 2022இல் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டிய நாளில்கூட பெட்டரி இருக்கும்வரை வேலை செய்திருக்கலாம், இணையம் தேவையில்லை. கிட்ஹப் என்பது அந்தக் கருவியைச் சுற்றி 2008இல் தொடங்கிய ஒரு கம்பனியின் தளம். 2018இல் மைக்ரோசொப்ட் அதை 7.5 பில்லியன் டொலருக்கு வாங்கியது. திறந்த மூல மென்பொருள்களுக்கெல்லாம் வீடாக இருக்கும் அந்தத் தளத்தின் சொந்த மென்பொருள் திறந்த மூலம் அல்ல. இதைச் சொன்னபோது பிள்ளைகளே நம்பவில்லை.

கிட் பிறந்த கதையே இதற்குப் பாடம். லினக்ஸ் எழுதியவர்கள் 2002இலிருந்து பிட்கீப்பர் என்ற ஒரு கம்பனியின் கருவியை இலவசமாகப் பாவித்தார்கள். சிலர் அப்போதே எச்சரித்தார்கள், இன்னொருவன் தயவில் நம் வேலையை வைக்கலாமா என்று. நன்றாகத்தானே ஓடுகிறது என்று பதில் வந்தது. 2005இல் ஒரு தகராறில் அந்தக் கம்பனி இலவச அனுமதியை எடுத்துக்கொண்டது. லினஸ் டோர்வால்ட்ஸ் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு, சில வாரங்களில் கிட்டை எழுத வேண்டி வந்தது. அவரிடம் அந்தத் திறமை இருந்தது. நம்மிடம் உயர்தரம் முடித்த ஏழு பிள்ளைகள் இருக்கிறார்கள், அதில் இருவருக்கு வீசா வந்துவிட்டது.

"உலகமே அங்கே இருக்கிறது" என்ற வாதத்துக்கு வருவோம். உலகம் இதற்கு முன்பும் ஓரிடத்தில்தான் இருந்தது. அதன் பெயர் சோர்ஸ்போர்ஜ்.

2004 டிசம்பர் 26. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரையில் அன்று யார் யாரை இழந்தோம் என்று இங்கே எழுதத் தேவையில்லை. யார் காணாமல் போனார், யார் எந்த முகாமில் இருக்கிறார், எந்த நிறுவனம் எங்கே என்ன கொடுக்கிறது என்று பதிய ஒழுங்கான முறை இல்லாதிருந்த அந்த நாட்களில், இலங்கை மென்பொருளாளர்கள் தன்னார்வமாகச் சேர்ந்து ஒரு மென்பொருள் எழுதினார்கள். சஹனா. சிங்களத்தில் நிவாரணம் என்று அர்த்தம். லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷன் அதைப் பொறுப்பெடுத்து, திறந்த மூலமாகவே வளர்த்தது. அடுத்த வருடம் பாகிஸ்தான் நிலநடுக்கத்தில் அதைப் பாவித்தார்கள். 2010இல் ஹெய்ட்டியில் பாவித்தார்கள். நம் கண்ணீரில் பிறந்த ஒரு மென்பொருள் உலகத்தின் மறுகோடிக்குப் போய் ஆட்களுக்கு உதவியிருக்கிறது. ஸதகத்துல் ஜாரியா என்று மிம்பரில் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குத் தெரியாது. ஆனால் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

அந்தச் சஹனாவின் மூலநிரல் முதலில் சோர்ஸ்போர்ஜில்தான் இருந்தது. அன்றைக்கு அதைத்தான் "உலகமே" என்றார்கள். பிறகு வந்த ஈடன் என்ற வடிவம் லோஞ்ச்பேட் என்ற இன்னொரு தளத்தில் வளர்ந்தது, அதன்பின் கிட்ஹப்புக்குப் போனது. சோர்ஸ்போர்ஜுக்கு என்ன ஆனது? விளம்பரக் காசுக்காக, மக்கள் இறக்கிக்கொள்ளும் மென்பொருளோடு வேண்டாத நிரல்களை ஒட்டிக் கொடுக்கத் தொடங்கியது. கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளைச் செய்தவர்கள் 2013இல் அங்கிருந்து விலகினார்கள். 2015இல் பார்த்தால், அவர்கள் விட்டுப்போன கணக்கைத் தளமே கையில் எடுத்து, அதே கிம்ப்பை விளம்பர நிரல் ஒட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது. 2016இல் கை மாறி, புதிய உரிமையாளர்கள் அந்த வேலையை நிறுத்தினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அதற்குள் போனவர்கள் போய்விட்டார்கள்.

கூகுளும் இப்படி ஒரு தளம் வைத்திருந்தது. 2006இல் தொடங்கி, 2016 ஜனவரியில் மூடிவிட்டார்கள். கூகுள் மூடுமா என்று அன்றைக்கும் ஒரு நானா கேட்டிருப்பார்.

ஆகவே எந்தத் தளம் பெரியது என்பது கேள்வியே அல்ல. நாளைக்கு வெளியேற வேண்டி வந்தால் நம் சாமான் எல்லாவற்றோடும் வெளியேற முடியுமா, சாவி யார் கையில், இந்த இரண்டும்தான் கேள்வி. கூட்டத்தில் இரண்டையும் எவரும் கேட்கவில்லை.

சாமான் என்றால் மூலநிரல் மட்டும் என்று நினைக்கிறார்கள். மூலநிரல் கிட்டில் இருப்பதால் அதைக் கொண்டுபோவது லேசு. கொண்டுபோகக் கஷ்டமானது, அதைச் சுற்றி நடந்த கதை. ஒரு உதாரணம். முதல் வடிவத்தில் "குடும்பத் தலைவர்" என்ற இடத்தில் ஆண் பெயர் இல்லாமல் பதிவு சேமிக்காது. கணவர் மௌத்தான ஒரு சகோதரியைப் பதியப் போனபோது, அவருடைய பதின்மூன்று வயது மகனைத் தலைவராகப் போட வேண்டி வந்தது. குழுவில் இருந்த தங்கச்சி ஒருவர் அதை முறைப்பாடாக எழுதினார். அதற்குக் கீழே இரண்டு வாரம் விவாதம் நடந்தது. இத்தா இருப்பவர், தலாக் ஆனவர், கணவர் வெளிநாட்டில் இருந்து வருடக்கணக்கில் தொடர்பில்லாதவர், ஒவ்வொன்றையும் எப்படிப் பதிவது என்று ஆலிம் ஒருவரிடமும் கேட்டு முடிவெடுத்தார்கள். இந்த மென்பொருளில் எங்களுக்கு அதிகம் பெருமையான பகுதி அதுதான். அந்த விவாதம் கிட்டுக்குள் இல்லை. தளத்தின் தரவுத்தளத்தில் இருக்கிறது. நாளைக்கு மூலநிரலை மட்டும் தூக்கிக்கொண்டு போனால், ஏன் அப்படிச் செய்தோம் என்பது அங்கேயே தங்கிவிடும், பிறகு வருகிற ஒருவர் "இது ஏன் இவ்வளவு சிக்கலா இருக்கு" என்று அழித்துவிடுவார்.

இனி சாவி.

நம் பள்ளிவாசல் காணியின் உறுதியை நல்ல மனிதர் என்பதற்காக ஒருவர் பெயரில் எழுதுவோமா? மாட்டோம். 1956ஆம் ஆண்டின் வக்பு சட்டம் இருக்கிறது, நம்பிக்கையாளர் சபை இருக்கிறது, சபை மாறினாலும் காணி மாறாது. அவர் நல்லவரா கெட்டவரா என்பதல்ல விசயம். அவர் மௌத்தாகலாம், வெளிநாடு போகலாம், சும்மா கோபித்துக்கொள்ளலாம். மென்பொருள் என்று வந்ததும் இந்தப் புத்தி எங்கே போகிறது?

எங்களுக்கு இது வெறும் வாதம் அல்ல. சில வருடங்களுக்கு முன் பாடசாலை நேரசூசி போடும் ஒரு செய்நிரலை ஒரு பழைய மாணவர் எழுதிக் கொடுத்தார். தங்கமான பிள்ளை. எல்லாம் அவருடைய சொந்தக் கணக்கில். கட்டார் போனார், போன் களவு போனது, உள்ளே போகும் குறியீடு அந்த இலக்கத்துக்குத்தான் வரும். அவர் பதறி இங்கே எங்களுக்கு அழைப்பு எடுத்தார், நாங்கள் என்ன செய்ய? இரண்டு வருட வேலை போனது. பிரதி எடுத்து வைக்காதது எங்கள் பிழை. இப்போதும் நேரசூசியை மேசையில் கடதாசி வெட்டி ஒட்டித்தான் போடுகிறோம்.

அடுத்தது சிலருக்குக் கசக்கும். 2019 ஜூலையில் கிட்ஹப், அமெரிக்கத் தடைச் சட்டங்களின்படி ஈரான், சிரியா, கிரிமியா போன்ற இடங்களில் இருந்தவர்களின் தனிப்பட்ட களஞ்சியங்களையும் கட்டணக் கணக்குகளையும் முடக்கியது. பொதுவில் திறந்திருந்தவை தொடர்ந்து இருந்தன. ஈரானுக்கு மீண்டும் முழுதாகத் திறக்க 2021 ஜனவரி ஆனது, அதற்கும் அமெரிக்க அரசிடம் விசேட அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளைகள் செய்த குற்றம் இருந்த இடம். நாளைக்கே இலங்கைக்கு இப்படி நடக்கும் என்று பயமுறுத்தவில்லை. இந்தப் பதிவை எழுதும் முகநூலும் அமெரிக்கக் கம்பனிதான், அது எங்களுக்கும் தெரியும். ஆனால் 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் ஒரே இரவில் முகநூலும் வட்ஸ்அப்பும் பூட்டப்பட்டு, சொந்தக்காரர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்க வழியில்லாமல் நின்றவர்கள் நாம். ஒரே கதவை நம்பியிருப்பது என்னவென்று நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எதிர்ப் பக்கத்திலும் ஒரு கோஷ்டி இருக்கிறது. "பள்ளிக் காரியாலயத்திலேயே ஒரு சேர்வர் வைப்போம், எவனையும் நம்பத் தேவையில்லை." கேட்க நன்றாக இருக்கிறது. அந்தக் காரியாலயத்தில் இப்போது இருக்கும் கணினி பவர்கட்டுக்குப் பிறகு மூன்று முறை தட்டினால்தான் எழும்பும். சேர்வரை யார் ஒவ்வொரு வாரமும் புதுப்பிப்பது, யார் காவல் காப்பது? கிட்லெப்பின் இலவச வடிவத்தை நாமே நிறுவலாம், உண்மை. கவனிக்க ஆளில்லாத சேர்வர் கதவில்லாத கடை மாதிரி. நாளைக்கு முழுநேர ஆள் ஒருவர் கிடைத்தால் கதைப்போம்.

இன்னும் ஒரு விசயம், இந்தப் பதிவை இன்றே எழுதுவதற்குக் காரணமே அதுதான். கூட்டத்தில் ஒரு மூத்தவர் கேட்டார்: "பொதுவில் போட்டால் ஸகாத் எடுக்கிறவங்கட பேர் எல்லாருக்கும் தெரியவருமே?" எல்லோரும் சிரித்தார்கள், அவருக்கு கொம்பியூட்டர் தெரியாது என்று. மென்பொருள் வேறு, தரவு வேறு, வெற்றுப் படிவத்தைத்தான் பொதுவில் வைக்கிறோம், நிரப்பிய படிவத்தை அல்ல என்று விளக்கம் சொன்னார்கள். அந்த விளக்கத்தைச் சொன்னவர்களில் நாங்களும் இருந்தோம்.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். அவர் கேட்டது சரி.

ஆரம்பத்தில் மென்பொருளைச் சோதிக்க ஒரு மாதிரிக் கோப்பு தேவைப்பட்டது. அவசரத்தில் உண்மையான ஸகாத் விண்ணப்பப் பட்டியல் ஒன்றிலிருந்து சில பக்கங்களைத் தட்டச்சு செய்து கொடுத்தோம். கொடுத்தது நாங்கள், பிள்ளைகள் அல்ல. பிறகு அதை அழித்துவிட்டு வேறு பெயர்கள் போட்டார்கள். ஆனால் கிட்டின் வேலையே வரலாற்றை வைத்திருப்பது. இன்று அழித்த கோப்பு நேற்றைய பிரதியில் அப்படியே இருக்கும். திங்கள் அந்தப் பொத்தானை அழுத்தினால், அந்தக் குடும்பங்களின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் அவர்கள் எழுதிய காரணமும் உலகத்துக்கே திறந்துவிடும். பொதுவில் போனதை எவராவது பிரதி எடுத்தால் திரும்ப எடுக்க முடியாது, எந்தக் கம்பனியிடம் கெஞ்சினாலும். இப்போதுவரை அந்தக் களஞ்சியம் பூட்டித்தான் இருக்கிறது, குழுவுக்கு வெளியே எவரும் பார்க்கவில்லை. அந்த மூத்தவரிடம் ஞாயிறு சுபஹுக்குப் பிறகு நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம். "அப்ப நான் கேட்டது பைத்தியக் கேள்வி இல்லையே?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

சரி, எங்கே வைக்கலாம்?

எங்கள் தெரிவு கோட்பெர்க். ஜேர்மனியில் பெர்லினில் 2018இல் பதிவான ஒரு சங்கம் நடத்துவது. இலாபத்துக்கு அல்ல, உறுப்பினர் சந்தாவிலும் நன்கொடையிலும் ஓடுகிறது, நிர்வாகத்தை உறுப்பினர்களே தெரிவுசெய்கிறார்கள். நம் சனசமூக நிலையம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்த மூல மென்பொருளுக்கு மட்டும்தான் இடம் கொடுக்கிறார்கள். அது ஓடுகிற போர்ஜேயோ என்ற மென்பொருளும் திறந்த மூலம். கிட்ஹப்பிலிருந்து முறைப்பாடுகளையும் விவாதங்களையும் சேர்த்தே இழுத்தெடுக்கும் வசதி அதில் இருக்கிறது, ஆகவே அந்தத் தங்கச்சியின் விவாதம் தப்பும். நாளைக்கு கோட்பெர்க்கே மூடினாலும் அதே போர்ஜேயோவை வேறு எங்காவது நிறுவிக்கொள்ளலாம்.

போர்ஜேயோ வந்த விதத்தையும் சொல்ல வேண்டும், உறுதிக் கதை அங்கேயும் இருக்கிறது. அதற்கு முன் கிட்டீ என்று ஒன்று இருந்தது, தன்னார்வலர் பலர் சேர்ந்து வளர்த்தது. 2022 ஒக்டோபரில் அதன் இணையப் பெயரும் வணிகக் குறியும் ஒரு கம்பனியிடம் போய்விட்டதாக அறிவித்தார்கள். உழைத்தவர்களில் பலருக்கு அது அன்றுதான் தெரியும். கம்பனி நடத்தியவர்கள் கெட்டவர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் கூட்டாக வளர்த்த ஒன்றின் பெயர் சிலர் கையில் இருந்தால் இதுதான் நடக்கும். மூலநிரல் திறந்திருந்தபடியால் ஒரு பகுதியினர் அதை எடுத்துக்கொண்டு போய் அந்த வருடம் டிசம்பரிலேயே போர்ஜேயோ என்று தொடங்கினார்கள்.

குறையும் இருக்கிறது. கோட்பெர்க் சில நேரம் மெதுவாகத் திறக்கும், சிறிய சங்கம். ஜேர்மனியும் ஒரு நாடுதான், அதற்கும் சட்டங்கள் உண்டு. கிட்ஹப்பில் இருக்கும் சனம் அங்கே இல்லை.

அந்தக் கடைசிக் குறைதான் பிள்ளைகளுக்கு முக்கியம், அதை நாங்கள் லேசாக எடுக்கவில்லை. "சேர், கொழும்பில் இன்டர்வியூ போனால் கிட்ஹப் புரபைலைத்தான் கேட்கிறாங்க." உண்மை. அவர்களுடைய உழைப்பு அங்கே தெரிய வேண்டும். அதற்கும் வழி இருக்கிறது. கோட்பெர்க்கில் மூலத்தை வைத்து, ஒவ்வொரு மாற்றமும் தானாகவே கிட்ஹப்புக்கு ஒரு பிரதியாகப் போகும்படி அமைக்கலாம். அவர்கள் பெயரோடுதான் போகும். வீடு இங்கே, கடை முகப்பு அங்கே. கிட்ஹப்பின் செயற்கை நுண்ணறிவு நம் மூலநிரலைப் படித்துக்கொள்ளும் என்று ஒருவர் கோபப்பட்டார். பொதுவில் வைத்ததை எவரும் படிப்பார்கள், அதற்காக நாங்கள் சண்டை பிடிக்கத் தயாரில்லை.

சபை கிட்ஹப்தான் வேண்டும் என்று நின்றால், அதையும் ஏற்போம். ஆனால் ஒருவர் கணக்கில் அல்ல. அங்கே அமைப்பின் பெயரில் கணக்கு திறக்கலாம், பொதுவான மென்பொருளுக்குக் காசு இல்லை. அதற்கு மூன்று பேர் உரிமையாளர்: சபையில் ஒருவர், பாடசாலையில் ஒருவர், பிள்ளைகளில் ஒருவர். அந்த விவாதத்தை எழுதிய தங்கச்சி அந்த மூன்றாமவராக இருக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். கூட்டத்துக்கு அவரை எவரும் கூப்பிடவே இல்லை. மீட்புக் குறியீடுகளைக் கடதாசியில் அச்சடித்து, காணி உறுதி இருக்கும் அதே இரும்பு அலுமாரியில் வையுங்கள். மாதம் ஒருமுறை முறைப்பாடுகளோடு முழுப் பிரதி ஒரு பென்டிரைவில் எடுத்து அதற்குப் பக்கத்தில் வையுங்கள். பத்து நிமிட வேலை.

எந்தத் தளமானாலும் ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டோம். பழைய களஞ்சியத்தைத் திறக்கக் கூடாது. அந்தப் பட்டியல் இல்லாத சுத்தமான பிரதியிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும். அந்த விவாதத்தைக் கொண்டுபோகும் முன் அதிலும் எவருடைய பெயராவது வந்திருக்கிறதா என்று வரிவரியாகப் பார்க்க வேண்டும். தம்பியிடம் கதைத்தோம், உடனே ஒத்துக்கொண்டார், நேற்றிரவே வேலை தொடங்கிவிட்டார். அவர் மேல் எவரும் ஒரு வார்த்தை சொல்லாதீர்கள், பிழை எங்களுடையது.

திங்கள் வெளியீட்டை ஒத்திப்போடச் சொல்லித் தலைவருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம், இன்னும் பதில் இல்லை. வருகிற வெள்ளி அஸருக்குப் பிறகு பாடசாலைக் கணினி அறையைத் திறந்து வைப்போம். கிட்டிலிருந்து அழித்த கோப்பை எப்படித் திரும்ப எடுப்பது என்று, பொய்ப் பெயர்கள் போட்ட ஒரு கோப்பை வைத்து, எல்லோர் முன்னாலும் செய்து காட்டுவோம். கூட்டத்தில் சிரித்தவர்கள் கட்டாயம் வாருங்கள். பெண்களுக்குத் தனியாக இடம் ஒழுங்குபடுத்தியிருக்கிறோம். தேத்தண்ணி உண்டு.